கூடை வைத்த பாவாடை

ஐரோப்பியப் பெண்களின் உடை வரலாற்றில் என் தலையில் வந்து விழுந்தது பதினெட்டாம் நூற்றாண்டு. அமெரிக்காவில், பார்சிப்பனியில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, நூற்றாண்டுக்கு ஒரு சிறுமி மேடையில் நடக்க வேண்டும் என்று டீச்சர் முடிவு செய்துவிட்டார். மற்றவர்களுக்கு ஒழுங்கான கவுன்கள் வாய்த்தன. என் காலத்துச் சீமாட்டிகளோ முன்னும் பின்னும் தட்டையாக, இடுப்பின் இரு பக்கமும் மட்டும் மூன்று ஆள் அகலத்துக்கு விரிந்து நின்றார்கள். வாசலில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நுழைவார்களாம்.

படத்தைப் பார்த்த அம்மா, "உள்ள கூடை மாதிரி ஏதோ கட்டியிருக்காங்கடி" என்றாள். வெங்காயமும் உருளைக்கிழங்கும் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் கூடைகளைக் காலி செய்து, நாடாவால் என் இடுப்பில் கட்டினாள். மேலே சுற்ற, கூடத்து ஜன்னலின் ரோஜாப்பூத் திரைச்சீலை இறங்கியது. "நாம சாப்பிடறத ஊரே பாக்குது" என்று அப்பா இரண்டு நாள் புலம்பினார். நான் ராணியாகிவிட்டேன். கொஞ்சம் வெங்காய வாசமடிக்கிற ராணி.

டீச்சரைப் பார்க்கப் போகிறோமே என்று நிகழ்ச்சியன்று அம்மா பட்டுச்சேலை கட்டி வந்தாள். மேடை ஓரத்தில் நான் காத்திருந்தபோது நாடா அறுந்துவிட்டது. பதினேழாம் நூற்றாண்டு ஏற்கெனவே மேடையில் நடந்துகொண்டிருந்தது.

"அம்மா, இட்ஸ் ஃபாலிங்!"

ஓடிவந்து எனக்குப் பின்னால் மண்டியிட்டாள். "அசையாம நில்லுடி." வளையலில் கோத்திருந்த ஊக்குகள் எல்லாம் தீர்ந்தும் ஒரு கூடை தொங்கியது. எங்கிருந்தோ இன்னும் மூன்று ஊக்குகள் வந்து அதையும் இறுக்கின. "ம், இப்ப போ."

போனேன். கூடைகள் இம்மியும் நகரவில்லை. எல்லா அம்மாக்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள். என் அம்மா மட்டும் கடைசிச் சுவரோரம், ஒரு கை தோளிலும் மறு கை இடுப்பிலுமாக, வாயெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

வீட்டுக்குப் போகும்போது காரில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "ஒய் டிட்ன்ட் யூ கிளாப்?" என்று கேட்டதற்கு, "அடுத்த தடவ ரெண்டு மடங்கா தட்டறேன்டா கண்ணு" என்றாள்.

நானே சேலை கட்டப் பழகிய பிறகுதான் அந்த மூன்று ஊக்குகளின் கணக்கு புரிந்தது: முந்தானையில் ஒன்று, கொசுவத்தில் இரண்டு. அத்தனை பேர் நடுவில் தன் மானத்தைக் கையால் பிடித்துக்கொண்டு என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் எனக்கு மனம் ஆறாது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ஊரே கை தட்டியது, என் அம்மா தட்டவில்லை என்பதுதான்.