நெட் அக்கா கடையில் ஒரு குரல்

பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் திரையில் வந்ததும் நெட் அக்கா தலையைத் திருப்பி மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். வாடிக்கையாளர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தி முடிக்கும்வரை அவருக்கு விசிறிதான் உலகம். சோம்பேறிகள் சிலர், "நீங்களே போட்ருங்கக்கா, சொல்றேன்" என்பார்கள்.

"எங்கிட்ட சொல்லாதீங்க. எனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி."

வயது ஐம்பத்திரண்டு. அறுபது வயதுக்காரர்களுக்கும் அக்காதான். இருபத்தைந்து வருடமாக அதே இன்டர்நெட் கடை, அதே சுழல் நாற்காலி. கடை திறந்த புதிதில் மோடம் போட்ட கூச்சலுக்குப் பக்கத்துத் தையல்காரர் சண்டைக்கு வருவாராம். ஒரு படம் நெற்றியில் தொடங்கி மோவாய்க்கு இறங்க ஐந்து நிமிடம். வெளிநாட்டு மருமகனின் முகம் பாதியில் நின்றுபோக, மாமியார் அந்தப் பாதி முகத்திடமே நலம் விசாரித்துவிட்டுப் போனதுண்டு. பரீட்சை முடிவு வரும் நாளில் கூட்டம் தெருவரை நிற்கும்.

பிறகு இணையம் எல்லோர் சட்டைப்பையிலும் போய் உட்கார்ந்துகொண்டது. எட்டு கேபின்களில் ஐந்தைக் கழற்றி விற்றார். "மூடிட்டு நிம்மதியா இருக்கலாம்ல?" என்று தங்கை வாரம் தவறாமல் கேட்கிறாள்.

"ஃபோன் எல்லார்கிட்டயும் இருக்குடி. ஆனா ஃபோட்டோவ சின்னதாக்கி ஏத்தணும்னா இங்கதான் வர்றாங்க. நாளைக்கு இன்னொண்ணு புதுசா வரும். மொத நாள் அது யாருக்கும் புரியாது. அன்னிக்கு நான் தொறந்து வச்சிருக்க வேணாமா?"

அந்தப் புதுசு போன வாரம் ஒரு பஸ் கண்டக்டரோடு வந்தது. அவருக்குக் குரல்வளையில் கட்டி. வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு பேச்சு வராது. பட்டியலில் உள்ள நூற்றைம்பது வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தால், பின்னால் அவர் தட்டச்சு செய்வதையெல்லாம் அவர் குரலிலேயே சொல்லும் இணையதளம் ஒன்றின் பெயரை நர்ஸ் எழுதிக் கொடுத்திருந்தார். அக்காவும் அதைக் கேள்விப்பட்டதில்லை. ஒரு நாள் முழுக்க அதைத் துருவிப் பார்த்துவிட்டு, புதன்கிழமை காலை தெருச் சத்தம் புகாமல் கடைசி கேபினைச் சுற்றிப் போர்வைகளைத் தொங்கவிட்டு, கண்டக்டரை மைக் முன்னால் தனியாக உட்காரவைத்தார்.

நூற்றைம்பதும் மளமளவென்று முடிந்தன. சாயங்காலம் குரல் தயாரானது. சோதித்துப் பார்க்க கண்டக்டர், "தண்ணி குடு" என்று தட்டினார்.

"தண்ணி குடூ!" என்று ஸ்பீக்கர் அலறியது. ஓடும் பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்கிற அலறல். வாசலில் ஜெராக்ஸுக்கு நின்றிருந்தவர் பயந்துபோய் இரண்டடி உள்ளே நகர்ந்துவிட்டார். இருபத்தெட்டு வருடக் கண்டக்டர் பழக்கம். காலையில் மைக்கைக் கண்டதும் தொண்டை தானாக டூட்டியில் ஏறிவிட்டது; போர்வைகளுக்கு வெளியே இருந்த அக்காவுக்கு அந்த உரப்பு எட்டவில்லை.

கண்டக்டரின் மனைவிக்கு அழுகை முட்டியது. "வீட்ல இவர் பேசுறது அடுத்த ரூமுக்குக்கூடக் கேக்காதுக்கா. இந்தக் குரலோடவா நான் மிச்ச காலம் குடும்பம் நடத்தணும்?"

அக்காவுக்குத் தன் மேல்தான் கோபம் வந்தது. யாருமில்லாத கேபினில் மனிதன் யாரிடம் மெதுவாகப் பேசுவான்? கையில் இருந்ததோ இன்னும் ஒரே நாள். "அழிச்சிருவோம். காலைல ரெண்டு பேருமா வாங்க" என்றார்.

வியாழக்கிழமை மனைவியை அவருக்கு எதிரே, முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் உட்காரவைத்தார். "மைக்க பாக்காதீங்க சார். எல்லாத்தயும் இவங்ககிட்ட சொல்லுங்க."

கண்டக்டர் தாழ்ந்த குரலில், "மழை வரும் போலிருக்கு" என்று படித்தார்.

"ஐயோ, துணி காயுதுங்க!" என்று மனைவி பாதி எழுந்துவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்தையே மூன்று முறை பதிவு செய்ய வேண்டியதாயிற்று. ஐம்பதுக்குமேல் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீர் குடித்து, ஓய்வெடுத்து, நூற்றைம்பதை எட்டும்போது மதியச் சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

சாயங்காலம் மறுபடி சோதனை. கண்டக்டர் ஒரு விரலால் தட்டினார்.

"எனக்கு பயமா இருக்கு" என்றது ஸ்பீக்கர். வீட்டுக்குள் பேசுகிற அதே குரல். பட்டியலில் இல்லாத வாக்கியம். கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அவர் வாய்விட்டு அதைச் சொன்னதே இல்லை.

மனைவி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குந்தான். அதுக்காக இத மெஷின விட்டா சொல்லச் சொல்லுவீங்க? நான் குத்துக்கல்லாட்டம் எதுக்க உக்காந்திருக்கேன்!"

கண்டக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கரகரத்து, இருமலில் இடறி, அடங்க மாட்டேன் என்று தோளைக் குலுக்கிய சிரிப்பு. பட்டியல் போட்டவர்கள் யாரும் சிரிப்பைச் சேர்த்திருக்கவில்லை. நெட் அக்கா நாற்காலியிலிருந்து எழாமலே கையை நீட்டி, சத்தம் வராமல், பதிவுப் பொத்தானை அழுத்தினார்.