நகத்தில் வைத்த ஊசி

குன்னூரில் பல் டாக்டர் என் கடைவாய்ப் பல்லை ராவியபோது கிளம்பிய கருகல் வாடை, காந்தல் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த, இப்போது யாரோ கார் நிறுத்துகிற, தகரக் கொட்டகையின் வாடை. அம்மா போன பிறகு பேச்சே குறைந்துபோன அப்பா, அங்கே உட்கார்ந்து எருமைக் கொம்பில் யானைகளைக் கீறிக்கொண்டிருப்பார். அதற்கான ஊசிகளை, மழைக்காற்றில் ஒடிந்த குடைகளின் கம்பிகளில் விறைப்பானதாகப் பார்த்துப் பொறுக்கி, சாணைக்கல்லில் தீட்டுவார். முனையை நகத்தில் வைத்து இழுத்தால் கவ்வ வேண்டும். வழுக்கினால் கூர் போதாது. அவர் நகங்கள் கொம்பு ராவியே தேய்ந்திருந்ததால், என் கையைப் பிடித்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். அவர் என்னைத் தொடுவது அப்போது மட்டும்தான் என்பதால், கவ்வினாலும், "வழுக்குதுங்கப்பா" என்பேன்.

"அப்படியா சாமி? இன்னொருக்கா தீட்டறேன்" என்பார். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டே இருக்கும்; ஊசி குட்டையாகிக்கொண்டே போகும்.

டாக்டர் கை கழுவப் போனபோது, தட்டிலிருந்த கூர்க்கம்பியை எடுத்து என் நகத்தில் வைத்து மெல்ல இழுத்தேன். கவ்வியதை, நகத்துக்கு முன்பே, கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் உணர்ந்தன.

அப்பாவுக்கு ஒவ்வொரு முறையும் தெரிந்திருக்கிறது.