கட்டிலிலிருந்து பதினோரு அடி

பெருமுக்கல் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த அப்பா, வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்ததும் திண்டிவனத்தில் என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். கட்டிலிலிருந்து பதினோரு அடியில் பாத்ரூம். வாங்கிய வாக்கர் அந்தக் கதவில் நுழையவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் நான்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவேன், உட்காரவைப்பேன், கழுவியும் விடுவேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அப்பாவுடையது கூழில் வளர்ந்த உடம்பு. காலையில் ஒரு சொம்பு கேப்பைக் கூழ் குடிக்காமல் வயலுக்குப் போகமாட்டார். அப்படிப்பட்டவர், என் வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரமே கூழைத் தள்ளிவைத்தார்.

"வேணாம்மா. ரெண்டு இட்லி குடு, போதும்."

எனக்குச் சுருக்கென்றது. மோர்தான் புளித்துவிட்டதோ என்று மறுநாள் புது மோர் ஊற்றிக் கரைத்தேன். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் வறுத்தேன். சொம்பு அப்படியே திரும்பி வந்தது. காப்பியிலும் பாதி மிச்சம்.

"அம்மா கரைச்சாதான் உள்ள எறங்குமா?" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாளில் மயங்கிச் சாய்ந்தார். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினேன். உடம்பில் தண்ணீரே இல்லை என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் விழித்ததும் கேட்டேன்.

"ஏம்பா, தண்ணி குடிக்கக்கூடவா கசக்குது?"

"குடிச்சா அடிக்கடி போவணும். ஒவ்வொரு வாட்டியும் உன்னத்தான கூப்புடணும்?"

"பெத்த பொண்ணுதானப்பா நானு?"

"அதான்" என்றார்.

நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் இந்த மனுஷர் நாக்கு வறண்டு கிடந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. என்ன வேண்டும் என்று அவரை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கட்டிலாண்டயிருந்து கக்கூசு வரைக்கும் ஒரு கயிறு கட்டிவுடு. புடிச்சிக்கினு நானே போறேன்."

கயிறு தொய்யும் என்று, வெல்டரைக் கூப்பிட்டுச் சுவரோரமாகப் பாத்ரூமுக்குள் வரைக்கும் இரும்புக் குழாய் அடிக்கச் சொன்னேன். அப்பா தடவிப் பார்த்துவிட்டு, வழுக்குது என்றார். ஊரில் அவருடைய கொட்டகையில் கிடந்த மாட்டுக்கயிற்றை எடுத்துவந்து, அவர் சொல்லச் சொல்லக் குழாய் முழுக்கச் சுற்றினேன்.

முதல் நாள் கிளம்பியவர் பாதி வழியில் நின்றார். என் கை தானாக நீண்டது. முறைத்தார். தாழ்ப்பாள் மட்டும் போடாதே என்று கெஞ்சினேன். கதவுக்கு வெளியே நின்று, உள்ளே கேட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் செத்துப் பிழைத்தேன்.

வெகுநேரம் கழித்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கூழு இருக்குதா?"

கொண்டுவந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொம்பை என்னிடம் நீட்டினார்.

"இன்னொன்னு ஊத்து."