ஐகானுக்குத் தமிழில் பேர் வைத்த கதை

"தமிழ்ல வச்சா கம்ப்யூட்டர் மக்கர் பண்ணும்" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு உச்சந்தலை சூடாகிவிடுகிறது. அந்தப் பொய் ஒரு தடவை என் கண்ணெதிரிலேயே பிறந்தது. அதை அப்போதே அடக்க முடியாமல் போன எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2008இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் டீச்சராக இருந்தேன். வீடு சிதம்பரத்தில். தினமும் பஸ். மையத்தை நடத்திய டிரஸ்ட்டின் அலுவலகமும் சிதம்பரத்தில்தான். டிரஸ்ட்டுக்குத் தலைவர் ஒருவர். அவருடைய அக்கா மகன்தான் எங்கள் மையத்து நிர்வாகி. மாமாவைக் கேட்காமல் நிர்வாகி ஃபேன் சுவிட்சைக்கூடப் போட மாட்டார்.

மதிய வகுப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் குடும்பப் பெண்கள். தமிழ்ப் பேப்பரைக் கடகடவென்று படிப்பார்கள். ஆங்கிலம் என்றால் எழுத்தெழுத்தாகக் கூட்ட வேண்டும். அவர்களில் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த ஒருவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர், "யார் உதவியும் இல்லாம டைப் அடிக்கத் தெரிஞ்சா வேலைக்கு வா" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அக்கா பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார்.

திரையில் ஐகான்களின் பெயர்களெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அக்கா பெயரைப் படிக்க மாட்டார். "மேலருந்து மூணாவது" என்று இடத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். காலை வகுப்புப் பையன்கள் ஐகானை இழுத்து வேறு எங்கேயாவது போட்டுவிட்டால் தொலைந்தது. கடிதம் அடிக்கப் போனவர் சீட்டு விளையாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "டீச்சர்!" என்று கூப்பிடுவார். ஒருவர் கூப்பிட்டால் வரிசையாக எல்லோரும் கூப்பிடுவார்கள். தமிழ்நாட்டில், தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள், ஏன் இப்படித் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் மெஷின்களை இயக்கியது லினக்ஸ். அதில் ஒவ்வொரு ஐகானுக்கும் பின்னால் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு உண்டு. முதல் வரியில் சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பு. அதற்குக் கீழே ஐகானின் பெயர், அதற்கு என்ன படம், தட்டினால் எந்த புரோகிராம் ஓட வேண்டும் என்று சில வரிகள். அவ்வளவுதான். பெயர் வரியோடு தமிழ்ப் பெயருக்கென்று தனியாக ஒரு வரியும் சேர்க்கலாம். மெஷினைத் தமிழுக்கு மாற்றி வைத்தால் அந்த வரிதான் திரையில் தெரியும். சிலவற்றில் யாரோ ஏற்கெனவே சேர்த்திருந்தார்கள், படித்தால் பல் சுளுக்கிக்கொள்கிற தமிழில். நான் பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் இதற்கென்றே இருந்த ஒரு லைப்ரரியை எடுத்துக்கொண்டேன். கோப்பைத் திறந்து, வரிகளைப் பிரித்து, நாம் சொன்னதை மாற்றித் திரும்ப எழுதிவைக்கிற வேலையை அது செய்யும். "கடிதம் எழுத", "கணக்குப் போட", "படம் வரைய" என்று நான் வைத்த பெயர்களை, அதை வைத்து நான் எழுதிய ஒரு சின்ன புரோகிராம் எல்லாக் கோப்புகளிலும் சேர்த்தது. திருத்திய கோப்புகள் என் மெஷினில் ஒரு ஃபோல்டரில் இருக்கும். காலையில் மற்ற மெஷின்கள் ஆன் ஆகும்போது அங்கிருந்து தாமாகவே எடுத்துக்கொள்ளும்.

அன்று மதியம் அக்கா திரையைப் பார்த்து, "கடிதம் எழுத" என்று வாய்விட்டுப் படித்தார். தட்டினார். திறந்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த வாரம் முழுக்க வகுப்பில் "டீச்சர்!" சத்தமே குறைந்துபோனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நிர்வாகியைக் கூப்பிட்டுக் கோப்புகளைத் திறந்தே காட்டினேன். "வெறும் எழுத்துதான் சார். யார் வேணும்னாலும் தொறந்து மாத்தலாம்." இப்படிப் பெருமையடித்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம்.

அவர் மாமாவிடம் சொல்லியிருக்கிறார். மற்ற மையங்களிலும் இதே மாதிரி வைக்கலாமா என்று பார்க்கத் தலைவரே ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பி வந்தார். காலை வகுப்பு தொடங்குமுன் அக்காவை வரவழைத்து முதல் மெஷினில் உட்காரவைத்தோம். ஆன் செய்தால் ஐகான்களைக் காணோம். எல்லாம் வெள்ளைத் தாளாக நின்றன. அக்கா ஒன்றைத் தட்டினார். புரோகிராம் திறப்பதற்குப் பதில் கோப்பின் வரிகள் திறந்தன. பக்கத்து மெஷினிலும் அதே கதி.

நான் குனிந்து பார்த்தேன். தலைப்பு வரிக்கு மேலே, தனியாக ஒரு வரியில், 'உ'.

பிள்ளையார் சுழி! நிர்வாகி அதைப் போடாமல் வருகைப் பதிவேட்டையே தொட மாட்டார். மாமா வருகிற நாள், நல்ல காரியம். காலையில் எனக்கு முன்னால் வந்து, என் ஃபோல்டரில் இருந்த அத்தனை கோப்புகளுக்கும் தன் கையாலேயே சுழி போட்டிருக்கிறார். சுழி போடுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எங்கள் வீட்டு மளிகை லிஸ்ட்டிலேயே உ உண்டு. ஆனால் தலைப்புக்கு மேலே புரியாத எதைக் கண்டாலும் அந்தக் கோப்பைக் கம்ப்யூட்டர் ஐகானாகச் சேர்க்காது. அதைத்தான் சொன்னேன்.

"ஏம்மா, புள்ளையார் சுழி போட்டதுனால கெட்டுப்போச்சுன்றியா?" என்றார் நிர்வாகி. "மாமா, அதெல்லாம் இல்ல. எல்லாம் தமிழ்ல வச்சதாலதான்."

"நல்ல காரியத்துல என்னா பேச்சும்மா இது?" என்று தலைவர் என்னை முறைத்தார்.

நான் என் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தேன். வரியின் தொடக்கத்தில் # குறி இருந்தால் கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. ஒவ்வொரு 'உ'வுக்கும் முன்னால் ஒரு # போட்டேன். சுழியும் இருந்தது, ஐகான்களும் வந்தன, தமிழ்ப் பெயர்களும் வந்தன. அவர்கள் இரண்டு பேரும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"இப்ப ஓடுது. நாளைக்கு?" என்றார் தலைவர். "தமிழ்ல வச்சா ரோதன ஜாஸ்திதான். பழையபடி இங்கிலீஷ்லயே இருக்கட்டும்."

கண்ணால் பார்த்த பிறகும் ஒரு மனிதர் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? தவறு செய்தது அவருடைய அக்கா மகன், பழி தமிழுக்கு. "சார், அவுங்க இப்பதான் தனியா வேல செய்யறாங்க" என்றேன். "பழகிக்குவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில், அதே லைப்ரரியை வைத்துத் தமிழ்ப் பெயர் வரிகளை எல்லாக் கோப்பிலிருந்தும் நானே நீக்கினேன். சேர்த்த கைக்கு நீக்குவது எவ்வளவு சுலபமாக இருந்தது! கோப்பைத் திரும்ப எழுதும்போது # போட்ட வரிகளை அந்த லைப்ரரி விட்டுவிடும். மதியம் வகுப்பு தொடங்கிய நேரத்தில் நிர்வாகி வந்து ஒரு கோப்பைத் திறந்து பார்த்துப் பதறினார்.

"ஏம்மா, சுழி எங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றிலும் # வைத்து, உ வைத்துக் கொடுத்தேன். அவர் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பின் வரிசையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "டீச்சர், கடிதம் எழுதறது எதுன்னு கொஞ்சம் வந்து காட்டறீங்களா?"

என் திரையில் அந்தக் கோப்பு இன்னும் திறந்தே இருந்தது. அதில் அக்கா படிக்கக்கூடியதாக மிச்சம் இருந்தது அந்த உ ஒன்றுதான்.