காளியப்பன் வீட்டுப் புகை

அடுத்தவர் வீட்டுக்குள் போய், அந்த வீட்டைப் பற்றி அவர்களிடமே குறை சொல்வதுதான் என் வேலை. மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இழுப்பு என்று திரும்பத் திரும்ப வரும் பிள்ளைகளின் வீட்டுக்கு நான் போய், எது மூச்சிரைப்பைக் கிளப்புகிறது என்று பார்த்துப் படிவத்தில் எழுதிவர வேண்டும். எனக்கும் இழுப்பு உண்டு. பாயை வெயிலில் போடுங்கள், புகை வேண்டாம் என்று டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பழையபடியே இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எடுக்க வேண்டியவை

ஜவ்வாது மலையில் காளியப்பன் வீடு. மனைவி அலமேலு. மகள் செல்விக்கு எட்டு வயது. மழை பிடித்தால் அவளுக்கு இழுப்பும் பிடிக்கும். அவளைத் தூக்கிக்கொண்டு இருவரும் கூலி வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். அந்தச் செலவுக்கே இரண்டு ஆடுகளை விற்றிருந்தார்கள். அடுத்து கறவை மாடுதான் என்று முடிவாகியிருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரே அறை. ஒரு மூலையில் விறகடுப்பு, புகை போக வழியில்லை. இன்னொரு மூலையில் சாமை மூட்டை, அதன் தூசு. கதவோரம், விற்றது போக மிஞ்சி இரவில் கட்டும் ஆட்டுக்குட்டிகள். கொசுவத்திச் சுருள். அடுப்பு, மூட்டை, ஆடு, சுருள் என்று எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும் என்று படிவத்தில் எழுதியதை வாசித்தேன். காளியப்பன் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டா மிச்சம் நானும் எம் பொண்டாட்டியும்தான். எங்களையும் எடுக்கணுமா சார்?"

புளியங்கொட்டைக் கணக்கு

வாசலில் புளி உடைத்த கொட்டை குவிந்து கிடந்தது. அதை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டினேன். செல்வியை ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் பஸ்ஸுக்கு இத்தனை, மருந்துக்கு இத்தனை, இரண்டு பேர் கூலி போனது இத்தனை, கடையில் சாப்பிட்டது இத்தனை. இந்த வருடம் எத்தனை தடவை என்று கேட்டுக் கேட்டுக் கொட்டைகளை வரிசையாக அடுக்கினேன். வரிசை மாட்டுக் கொட்டகை வரை போனது. பக்கத்தில் இன்னொரு வரிசை, அடுப்புக்கு மேலே ஒரு தகரப் புகைக்குழாய் வைக்க ஆகும் செலவு. அது என் செருப்பு நீளம்கூட இல்லை.

அலமேலு இரண்டு வரிசையையும் பார்த்துவிட்டுப் புருஷனைப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. காளியப்பன் ஒரு கொட்டையை எடுத்து உருட்டினார்.

"கணக்கு சரிதான் சார். புள்ளைக்கு மூச்சு வாங்குதுன்னா எவனும் கைமாத்து குடுப்பான். குழாய் வாங்கணும்னா எவன் குடுப்பான்?"

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் தகரம் தேடினேன். ஆஸ்பத்திரிக் கூரையை மாற்றியபோது கழற்றிய தகரம் பின்பக்கம் கிடந்தது. கேட்டு வாங்கி, குழாயாகச் சுருட்டி, பஸ் கூரையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கோணிச் சாக்கு

ஒரு மாதம் நன்றாகப் போனது. பிறகு செல்வி மறுபடியும் இழுப்போடு வந்தாள். மலை ஏறிப் போய்ப் பார்த்தால், குழாயின் வாயில் கோணிச் சாக்கைத் திணித்து அடைத்திருந்தார்கள். வீடு முழுக்கப் புகை. யார் செய்தது என்று கேட்டேன். நான்தான் என்றார் காளியப்பன்.

அடுப்புக்கு நேர் மேலே பரண். அதில் அடுத்த விதைப்புக்கான மொச்சையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முதல் தடவையே அதைப் பார்த்தேன். ஏதோ சாமான் என்று விட்டுவிட்டேன். மூட்டையை இறக்கி ஒரு கை அள்ளிக் காட்டினார். பாதிக் கொட்டையில் ஓட்டை.

"பொக இல்லன்னா வண்டு வருது சார். வெதைய வண்டு தின்னுட்டா அத்த வாங்கவும் மாட்டத்தான் விக்கணும். உங்க பாரத்துல வெதைக்கு எடம் வுட்டிருக்கீங்களா?"

விடவில்லை. அந்தப் படிவத்தில் வீட்டுப் புகையைப் பற்றி 'பயன் எதுவும் இல்லை' என்று என் கையால் எழுதியிருந்தேன்.

மாட்டு வியாபாரி

அடுத்த தடவை நான் போனபோது மழைக்காலம் பாதி கழிந்திருந்தது. காளியப்பன் முன்பே சொல்லிவைத்திருந்தபடி ஆலங்காயத்திலிருந்து வந்த மாட்டு வியாபாரி எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார். மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தாகிவிட்டது. செல்வி மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். அவள் மூச்சைத்தான் முதலில் கவனித்தேன். சத்தமில்லை.

வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். குழாயில் சாக்கு இல்லை. பரண் காலி. பின்பக்கம் போனால், திறந்த வெளியில் வெந்நீர் அடுப்பு. அதற்கு மேலே நான்கு மூங்கில் நட்டு, ஓலை போட்ட புதுப் பரண். வண்டு தின்றது போக மிஞ்சிய விதை அதில் தொங்கியது. அடியில் விறகு நன்றாகப் புகைந்துகொண்டிருந்தது. அலமேலுவின் யோசனையாம். போன தடவை செல்வி இழுப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்துபோன பிறகு அவர்கள் பஸ் ஏறவில்லை.

"இன்னாண்ணா, மாட்ட அவுக்கலாமா?" என்றார் வியாபாரி. காளியப்பன் மனைவியைப் பார்த்தார். அலமேலு வந்து மகள் கையிலிருந்த கயிற்றை வாங்கினார்.

"மாடு குடுக்கறதா இல்லைங்க. பொகைக்குத்தான் வேற வூடு பாத்தாச்சே, இது எதுக்கு வெளிய போவணும்?"

அந்த வீட்டுப் புகை சம்பளம் வாங்காமல் விதையைக் காத்துக்கொண்டிருந்தது, சம்பளம் வாங்கும் நான் அதைக் கண்டுபிடிக்க மூன்று தடவை மலை ஏற வேண்டியிருந்தது.