சிடி போடாத பெட்டி

திருச்செங்கோட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு சம்பந்தம் இல்லை என்றால், அவர்கள் நேற்று குடிவந்தவர்களாக இருக்க வேண்டும். வண்டி வைத்திருக்கிறவன், பங்கு போட்டிருக்கிறவன், டிரில்லர், சமையல்காரன், இவர்களுக்குப் பாறையை உடைக்கிற ஹேமரும் அதன் முனையில் மாட்டுகிற பிட்டும் விற்கிற என்னைப் போன்றவன் என்று எல்லோருக்கும் சோறு போடுவது பூமியில் போடுகிற ஓட்டைதான். அதில் வேறு எவனுக்கும் தோன்றாத ஒரு பிழைப்பைக் கண்டுபிடித்தவன் தமிழரசு. சங்ககிரி ரோட்டில் என் கடைக்கு அடுத்த கடை அவனுடையது. ரிக் வண்டிகளுக்கு வீடியோ கேம் பெட்டி வாடகைக்கு விடுகிறான். விட்டான் என்று சொல்ல வேண்டும்.

முதலில் நானும் சிரித்தவன்தான். "போர் போடப் போறவனுக்குப் பொம்மை விளையாட்டாடா?" என்று கேட்டேன்.

அவன் வலது காதை என் பக்கம் திருப்பினான். இடது காதைக் கம்ப்ரசர் சத்தம் தின்றுவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் சத்தீஸ்கரில் ரிக்கில் இருந்தவன் அவன்.

"மழை புடிச்சா வண்டி சேத்துல நின்னுக்குமுங்கண்ணா. ஆளுங்க சும்மா உக்காந்திருப்பாங்க. சீட்டு இருந்தாச் சண்டை, பாட்டில் இருந்தா அடிதடி. பெட்டி இருந்தா வெறும் கூச்சலோட போயிரும்" என்றான்.

இந்தக் கணக்கு முதலாளிகளுக்குச் சட்டென்று புரிந்தது. ஐந்தாறு வண்டி வைத்திருக்கிற கண்ணுசாமி அண்ணன்தான் முதலில் கூப்பிட்டார். "என்ற வண்டியில எவனும் குடிச்சுப்போட்டு ராடுக்கடியில உழுகாம இருந்தாச் சரி. மாட்டுடா" என்றார். குழிக்குள் இறக்குகிற இரும்பு ராடுகளை ஏற்றிப் போகிற துணை லாரியில் ஒரு சின்ன டிவியையும் பெட்டியையும் போல்ட் போட்டு முடுக்கினான் தமிழரசு. கூடவே ஒரு கட்டு சிடி. வழியில் டீசல் பங்கில் இரண்டு வண்டி சந்தித்தால் ஆட்கள் தங்களுக்குள் சிடியை மாற்றிக்கொள்வார்கள். இவனைக் கேட்க மாட்டார்கள். ராய்ப்பூர் வண்டியில் போன சிடி ராஜஸ்தான் வண்டியில் ஊர் திரும்பும். எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. கீறல் விழுமே தவிர எதுவும் தொலைந்ததில்லை. எங்கள் ஊர்த் தொழில் அப்படி, வாய் வார்த்தையில் ஓடுகிறது.

உலகத்தில் இந்தப் பெட்டி செய்கிற பெரிய கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இரண்டுக்குத் தீராத சண்டை. தமிழரசு அவற்றைப் பெயர் சொல்ல மாட்டான். பெரியவன், சின்னவன் என்பான், ஏதோ வரப்புத் தகராறில் இருக்கிற பங்காளிகளைச் சொல்கிற மாதிரி.

"பெரியவன் பெட்டியை அடக்க வெலைக்கும் கீழ குடுப்பானுங்கண்ணா. பெட்டி ஊட்டுக்குள்ள வந்துட்டா அப்பறம் ஒவ்வொரு கேமுக்கும் அவங்கிட்டத்தான போகோணும்? நல்ல கேமா நாலு பாத்து, எம்பட பெட்டியில மட்டுந்தான் ஓடும்னு வளைச்சுப் போட்டுக்குவான்."

"ஹேமரை மலிவாக் குடுத்து, அதுல தன்ற பிட்டைத் தவிர வேற மாட்டாத மாதிரி செஞ்சு வெக்கறானே, அதுதான?"

"அதேதானுங்க."

எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை. நான் பிழைப்பதே அந்தப் பிட்டில்தானே.

பெரியவனை அந்த வழியில் ஜெயிக்க முடியாத சின்னவன், மாசச் சந்தா கட்டினால் எல்லா விளையாட்டும் ஆடிக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டான். கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. உடனே பெரியவன் விலை குறைத்து ஒரு பெட்டி இறக்கினான். அதில் சிடி போடும் வாயே இல்லை. விளையாட்டை அவனுடைய கடையில்தான், இண்டர்நெட்டில், நம் பெயரில் ஒரு கணக்குத் திறந்து வாங்க வேண்டும். சிடியாக இருந்தால் ஒருவன் வாங்கியதை நாலு பேர் ஆடுவார்கள், ஆடி முடித்து விற்றும்விடுவார்கள். அந்த வாயை அடைத்துவிட்டால் எல்லோரும் தனித்தனியாக அவனிடமே வர வேண்டும். இதையெல்லாம் எனக்கு விளக்கிச் சொன்னவனே தமிழரசுதான். சொல்லிவிட்டு, அதே பெட்டியைப் போய் வாங்கிக்கொண்டு வந்தான்.

அவனை முட்டாள் என்று சொல்ல முடியாது. பாறையைக் குடைகிறபோது மாவு மாதிரி கல்தூசி பறக்கும். சிடி வாய்க்குள் அது போனால் பெட்டி செத்தது. வருஷா வருஷம் பாதிப் பெட்டி அப்படித்தான் அவனிடம் திரும்பியது. வாயில்லாத பெட்டியில் தூசி எப்படிப் போகும்? சாமியே வரம் கொடுத்த மாதிரி இருந்தது அவனுக்கு. பழைய பெட்டிகளையும் அத்தனை சிடியையும் சேலத்தில் ஒரு கடைக்குத் தள்ளிவிட்டு, எல்லா வண்டிக்கும் புதுப் பெட்டி மாட்டினான்.

அங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. எங்கள் ஊரில் முதலாளி ஒருவர், வண்டி ஐந்து. ஐந்தும் அவர் பெயரில் இருக்கும், ஓட்டுகிறவன் எவனோ ஓட்டுவான். தமிழரசும் அப்படியே செய்தான். தன் பெயரில் ஒரே கணக்கு, அதில் தன் கைக்காசில் வாங்கின அத்தனை விளையாட்டு, அதே கணக்கை எல்லாப் பெட்டியிலும் திறந்து வைத்து அனுப்பினான். இரண்டு மாசம் ஓடியது.

மூன்றாவது மாசம் மயில்சாமி சத்தீஸ்கரிலிருந்து கூப்பிட்டார். கண்ணுசாமி அண்ணன் வண்டியில் டிரில்லர் அவர். "தமிழு, பெட்டி தொறக்க மாட்டேங்குது. என்னமோ பூட்டுப் படம் காட்டுது" என்றார். பின்னாலேயே மற்ற வண்டிகளும் கூப்பிட்டன. கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. ஒரே கணக்கு பல மாநிலங்களில், பல பெட்டிகளில் திறக்கப்படுகிறதாம். வாடகைத் தொழில் போலத் தெரிகிறதாம். விதிமீறலாம். கணக்கை நிரந்தரமாக முடக்கிவிட்டார்களாம். அதில் வாங்கின அத்தனை விளையாட்டும் அதோடு போயிற்று.

"நான் எதையும் திருடலீங்கண்ணா. எல்லாமே வெல குடுத்து வாங்குனது" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். என்னிடம் சொல்லி என்ன பயன்? பதில் மெயில் போட்டான், உடனே "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று வந்தது. மறுபடி போட்டான், மறுபடி நன்றி வந்தது. எனக்கு முன்கோபம் உண்டு. அந்த நன்றியை எழுதியவன் கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பேன். அதை எழுதியது ஆளே இல்லை, மிஷின் என்று அவன் சொன்னபோது கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அவன் மனைவி பிரவீனா என் கடைக்கு வந்தாள். "சோறு எறங்க மாட்டேங்குதுங்கண்ணா அவருக்கு. அந்தக் கணக்கு வந்தாத்தான் கடைன்னு சொல்றாரு. யாரையாச்சும் பாத்துப் பேசுங்க" என்றாள்.

பார்த்துப் பேசுவது எங்களுக்குப் புதிதா? எங்கள் ஊரில் எந்த வில்லங்கமும் கடிதத்தில் தீர்ந்ததில்லை. இரண்டு பக்கமும் மரியாதை உள்ள ஒரு பெரிய மனுஷனைக் கூட்டிக்கொண்டு, கையில் எதையாவது வாங்கிக்கொண்டு நேரில் போக வேண்டும். ஒரு டீ குடிப்பதற்குள் எதிராளி இளகிவிடுவான். ஒடிசாவில் பிடித்து வைத்த ரிக்கையே கண்ணுசாமி அண்ணன் அப்படித்தான் மீட்டு வந்தார். "பெங்களூர்ல ஆபீஸ் இருக்குதல்லோ? நட, போயிப் பாத்துப்போடலாம்" என்றார்.

வெள்ளை வேட்டி சட்டையில் அவரும், இஸ்திரி போட்ட சட்டையில் தமிழரசும், மடியில் கொல்லிமலை வாழைத்தாரோடு நானுமாகப் போனோம். கண்ணாடிக் கட்டடம். வாசலில் இருந்த காவலாளி எங்களை விட்டுவிட்டு வாழைத்தாரைத்தான் வெகுநேரம் பார்த்தான். கெஞ்சிக் கூத்தாடிய பிறகு ஒரு பெண் இறங்கி வந்தாள். ஓசூர்ப் பக்கத்துப் பெண், தமிழில் பேசினாள். எங்களை உட்கார வைத்து, முழுக் கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"கேக்கவே கஷ்டமா இருக்குங்க. ஆனா நாங்க இங்க விளம்பரம் மட்டும்தான் பாக்கறோம். கணக்கு விஷயம் எங்க கையில இல்ல" என்றாள்.

கண்ணுசாமி அண்ணன் சிரித்த முகமாகவே கேட்டார். "சரிங்க அம்மிணி. யாரு கையில இருக்குதோ அவரு பேரை மட்டும் சொல்லுங்க. எந்த ஊரா இருந்தாலும் நாங்க போயிப் பாத்துக்கறோம்."

அந்தப் பெண் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு, "பேருன்னு யாரும் இல்லைங்க" என்றாள்.

போலீஸ், தாசில்தார், வேறு பாஷைக்காரன் என்று யாரிடமும் தயங்காத கண்ணுசாமி அண்ணன், ஆளே இல்லாத இடத்தில் யாரிடம் பேசுவார்? துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாழைத்தாரை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். திரும்பி வரும்போது தர்மபுரி தாண்டும்வரை தமிழரசு வண்டி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான், தோள் மட்டும் குலுங்கியது.

மழைக்காலத்தில் வண்டிகள் ஊர் திரும்பின. ஆட்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து அவன் கடையில் வைத்தார்கள். ஒருவரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. "உடுங்க தமிழு, நீங்கதான் என்ன பண்ணுவீங்க" என்றார் மயில்சாமி. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு மயில்சாமி தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார். வண்டி ஆட்கள் சேர்ந்து சின்னவனுடைய பெட்டியை வாங்கியிருக்கிறார்களாம். கேம்ப்பில் செல்போன் சிக்னலில் ஓட்டிக்கொள்வார்களாம். சந்தா கட்டிக் கணக்குத் திறக்க யாருக்கும் தெரியவில்லை. "உங்களை உட்டா இதெல்லாம் எங்களுக்கு ஆரு செஞ்சு குடுப்பாங்க?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மயில்சாமியின் பெயரில் கணக்குத் திறந்தான். நடுவில் நீளமாக ஒரு விதிப்பட்டியல் வந்தது. விரலால் தள்ளித் தள்ளி, வரி விடாமல் கடைசிவரை படித்தான். அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று இருந்த இடத்தை அமுக்கினான்.

"என்னடா போட்டிருக்குது அதுல?" என்று கேட்டேன்.

"எனக்கு என்ன நடந்துச்சோ அதுதானுங்கண்ணா போட்டிருக்குது. எப்ப வேணா நிறுத்துவோம், காரணம் சொல்ல மாட்டோம்னு."

"அப்பறம் எதுக்குடா அமுக்குன?"

வலது காதைத் திருப்பாமலே பதில் சொன்னான். "அமுக்குனாத்தான் அடுத்த பக்கம் வருமுங்க."

வெளியே இரண்டாவது வண்டி ஆட்கள் கையில் புதுப் பெட்டியோடு காத்திருந்தார்கள். அவர்களையும் உள்ளே வரச் சொன்னான்.