முட்டைக்குப் பின்னால் ஓடியவர்

பூட்டு ரிப்பேர்காரருக்கு ஊசி என்றாலே உயிர் போய்விடும். நாளெல்லாம் பூட்டுத் துவாரங்களில் கம்பியை விட்டுக் குடைகிற மனிதர்தான். ஆனால் தன் உடம்பில் ஒரு முனை பட்டால் ஆகாது. அவரிடம் போய் டாக்டர், "அடுத்த டெஸ்ட்லயும் சர்க்கரை குறையலன்னா தினமும் ஊசிதான்" என்று குண்டைத் தூக்கிப் போட்டார். தப்பிக்க வழியும் சொன்னார்: வாராவாரம் ஃபுட்பால் ஆடணும், ஆடி முடிச்ச கையோட முட்டை, பால்னு ஏதாவது சாப்பிடணும்.

பள்ளிக்கூட மைதானத்தில் நடுவயதுத் தொப்பைகளுக்கென்றே ஓர் அணி இருந்தது. பூட்டுக்காரர் கோல்கீப்பரானார், நிற்கிற வேலை. அவர் மனைவி அவித்த முட்டை டப்பாவோடு கோல் கம்பத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. மருந்து முட்டையில்தான் இருக்கிறது, ஆட்டம் சும்மா ஒப்புக்கு என்று அணியே முடிவுகட்டிவிட்டது. டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டால் போதும், நடுவராக நின்ற தையல்காரர் விசில் ஊதிவிடுவார். எதிரணியும் பந்தை அப்படியே விட்டுவிட்டு வரிசையில் வந்து நிற்கும். ஒரு நாள் பந்தைக் கொண்டுவரவே மறந்துவிட்டார்கள். முட்டையெல்லாம் தீர்ந்து வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் யாருக்கோ அது உறைத்தது.

இப்படியே போனால் கடைசியில் ஊசிதான் என்று மனைவிக்குப் புரிந்துவிட்டது. ஊசி என்று வந்துவிட்டால் இந்த மனுஷன் வைத்தியமே வேண்டாம் என்று இருந்துவிடுவார், அவளுக்குத் தெரியாதா? மறுவாரம் செருப்பை உதறிவிட்டு, டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள்.

"முட்டை வேணும்ங்கிறவங்க வந்து புடிச்சுக்கோங்க!"

"ஏய், இது ஃபவுல்!" என்று கத்திக்கொண்டே பூட்டுக்காரர் துரத்தினார். பின்னாலேயே இரண்டு அணிகளும் ஓடின. தையல்காரர் ஊதிக்கொண்டே ஓடினார்.

அதன்பிறகு அதுதான் ஆட்டம். மூச்சு வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு அவள் இரக்கப்பட்டு ஆளுக்கொரு முட்டை கொடுத்தாள். புருஷனிடம் மட்டும் இரக்கம் கிடையாது. வீட்டுக்குப் போனதும் ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான்.

டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் முகம் மலர்ந்தார். "நல்லா குறைஞ்சிருக்கே! ஊசி வேண்டாம். முட்டை விடாம சாப்பிட்டீங்களா?"

"எங்க டாக்டர் சாப்பிட்டேன்? இவளப் புடிச்சாத்தானே!"

மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. பையைத் திறந்து, உரித்த முட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க, இன்னைக்குச் சும்மாவே சாப்பிடுங்க."

பூட்டுக்காரர் நம்பவில்லை. எழுந்து, குனிந்து, செருப்பு வாரை இறுக்கிக்கொண்டார்.